சிங்கப்பூரில் இரகசியச் சங்கங்களைத் தேடி ஆவணக்காப்பகம் போகிறவர்களுக்கு: நான் தொலைத்த நான்கு மாதம்

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். வரலாற்றுத் துறையில் முறையான பயிற்சி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நம் ஆட்கள் இருந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற இரகசியச் சங்கங்களைப் பற்றி அந்தக் காலத் தமிழ் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினேன். முதல் நான்கு மாதத்தில் கையில் உருப்படியாக ஒரு பக்கம்கூடச் சேரவில்லை. ஆவணம் இல்லாமல் போகவில்லை, நான் தேடிய விதம்தான் தப்பு. அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் ஒரு கட்டுரைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்த ஆறு வாரத்தில் செய்ததை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை சனிக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்! அதனால் எழுதுகிறேன். சங்கங்களின் வரலாற்றை இங்கே எதிர்பார்க்காதீர்கள். எங்கே போவது, எதை எடுத்துப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே கால் வழுக்கும், அவ்வளவுதான்.

1. தலைப்பை ஒரு தேதியில் கட்டுங்கள்

"சிங்கப்பூர்த் தமிழரும் இரகசியச் சங்கங்களும்" என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால், உதவிக்கு இருப்பவர் புன்னகையோடு ஒரு அலமாரி நிறையப் புத்தகத்தைக் காட்டுவார். எல்லாம் பிறர் எழுதியவை. மூல ஆவணம் தேதி சொன்னால்தான் அசையும். பெட்டி, சுருள், தொகுதி எல்லாமே ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டவை.

ஆகவே ஒரு கொக்கி வேண்டும். நான் மாட்டி வைத்திருப்பவை இவை: 1854இல் சிங்கப்பூரில் ஹொக்கியன், தியோச்சியூ என்ற இரு சீனப் பிரிவினருக்கு இடையே நடந்த கலவரம். 1867 ஆகஸ்ட்டில் பினாங்குக் கலவரம். நமக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் கீ ஹின் என்ற சீனச் சங்கத்தோடு வெள்ளைக்கொடியும், தோ பே கோங் என்ற சீனச் சங்கத்தோடு சிவப்புக்கொடியும் சேர்ந்து நின்று மோதிய சண்டை அது. 1869இல் சங்கங்களை அடக்க வந்த சட்டம். 1877இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம், அதன் தலைவராக வில்லியம் பிக்கரிங். 1887 ஜூலை 18 அன்று அவர் அலுவலகத்திலேயே கோடரியால் தாக்கப்பட்டது. 1889இன் சங்கச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த 1890.

இதில் ஒன்றைப் பிடியுங்கள். ஒன்றே ஒன்று. அதற்கு முன் மூன்று மாதம், பின் ஆறு மாதம் என்று ஒரு வேலி போடுங்கள். வேலிக்கு வெளியே எவ்வளவு சுவையான செய்தி தென்பட்டாலும் தனி நோட்டில் குறித்துவிட்டு நகருங்கள். நான் நகரவில்லை. பழைய செய்தித்தாளில் புலி பற்றிய செய்திகளை மட்டும் இரண்டு வாரம் படித்துக்கொண்டிருந்தேன்.

2. அந்தக் காலத்துப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

நான் மண்ணைக் கவ்வியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேடல் பெட்டியில் "தமிழ்", "இரகசியச் சங்கம்" என்று ஆங்கிலத்தில் தட்டினேன். 1860களில் நான் கேட்ட மாதிரி எதுவும் வரவில்லை. அந்த ஊரில் நம்மவர் யாருமே இல்லையோ என்று தோன்றுகிற அளவுக்கு வெறுமை. பிறகுதான் புரிந்தது, அந்தக் கால எழுத்தர் நம்மைத் தமிழர் என்று எழுதுவது அபூர்வம். "கிளிங்" என்று எழுதுவார். இன்று அது வசைச்சொல், ஆனால் அந்த ஆவணங்களில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான். கே-எல்-ஐ-என்-ஜி என்றும் வரும், கே-எல்-ஐ-என்-ஜி-எஸ் என்றும் வரும். தமிழ் முஸ்லிம்களைச் "சூலியா" என்பார்கள். அதை சி-எச்-யூ-எல்-ஐ-ஏ என்று எழுதுவதும் உண்டு, கடைசியில் ஒரு எச் சேர்ப்பதும் உண்டு, சி-எச்-ஓ-ஓ என்று தொடங்குவதும் உண்டு. சில எழுத்தர்களுக்கு நாம் எல்லாரும் "மலபார்". சிலருக்கு "மதராஸி", சிலருக்கு வெறும் "நேட்டிவ்".

சங்கத்துக்கும் இதே கதைதான். "சீக்ரெட் சொசைட்டி" என்ற சொல் வரும், ஆனால் அதைவிடச் சங்கத்துக்கான சீனச் சொற்களான "ஹோய்", "ஹுவே", "கொங்சி" என்பவை வந்து விழும். கீ ஹின்னை ஜி-எச்-இ-இ என்பார்கள், ஜி-இ-இ என்பார்கள், ஜி-எச்-ஐ என்பார்கள். நம் ஆட்களின் சங்கத்தைத் தேட "வெள்ளைக்கொடி", "சிவப்புக்கொடி" என்பவற்றின் ஆங்கில வடிவம் போதாது. மலாயில் "பெண்டேரா" (கொடி), அரபு வழியில் "ஜமாஅத்" (இதற்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்), அப்புறம் முகரம் ஊர்வலம் தொடர்பான சொற்கள், "தாபூத்", "மொஹர்ரம்", "ஹசன் ஹுசைன்". கொடிச் சங்கங்களின் சச்சரவு முகரம் ஊர்வலத்தை ஒட்டியும் வெடிக்கும் என்பதால், சங்கத்தின் பெயரே இல்லாத செய்தியிலும் சங்கம் ஒளிந்திருக்கும். ஒரு போலீஸ் நீதிமன்றச் செய்தியில் "ஊர்வலத்தில் தடி எடுத்த கிளிங்குகள் ஐவர்" என்று மட்டும் இருந்தால், அடுத்த வாரத்து இதழையும் பார்த்துவிடுங்கள்.

முகரத்தைத் தேடும்போது ஒரு கணக்கு: ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் முகரம் ஆண்டுதோறும் அத்தனை நாள் முன்னதாகவே வந்துவிடும். 1867இல் அது மே மாதத்தில் வந்தது, இருபது ஆண்டு கழித்து 1887இல் செப்டம்பரில். "எல்லா ஆண்டும் ஒரே மாதம்" என்று நினைத்து ஒரு முழு ஆண்டை நான் தவறவிட்டேன். இணையத்தில் தேதி மாற்றிக் கருவிகள் இருக்கின்றன, இலவசம், ஓரிரு நாள் பிசகலாம்.

கையால் ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் இன்றைய பெயர், வலப்பக்கம் அந்தக் காலத்துப் பெயர்கள், ஒவ்வொன்றையும் எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்ற குறிப்போடு. என்னுடையது ஒரு ஏ4 தாளில் தொடங்கி இப்போது நான்கு தாள். இதைச் செய்யாமல் மூன்றாம் படிக்குப் போகாதீர்கள்.

3. முதல் மாதம் வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள்

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய செய்தித்தாள்கள் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களை வீட்டிலிருந்தே, காசில்லாமல், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு படிக்கலாம். அண்மைக்காலத் தாள்களில் சிலவற்றைத்தான் நூலகக் கணினியில் மட்டும் திறக்க முடியும். அரிய புத்தகங்களுக்கு புக்எஸ்ஜி இருக்கிறது.

மூன்று பொறிகள்.

ஒன்று, எழுத்துணரி. எந்திரம் படித்துத் தந்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும். மங்கிய அச்சில் ஹெச் பியாகும், இ சியாகும். அதனால் ஒரே சொல்லை நாலு விதமாகத் தட்ட வேண்டும், அப்படியும் வராவிட்டால் தேடல் பெட்டியை மூடிவிட்டு, தேதி வழியாக இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒன்பது மாத வேலி போட்டிருந்தால் இது முடிகிற காரியம். அறுபது ஆண்டு என்றால் முடியாது.

இரண்டு, ஒரே செய்தி மூன்று இடத்தில் வருவது. நாளிதழில் வந்ததை வார இதழிலும், கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பும் பதிப்பிலும் திரும்ப அச்சிடுவார்கள். நான் "மூன்று சம்பவம்" என்று குறித்து வைத்திருந்தவை கடைசியில் ஒரே அடிதடி.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் மானம் போகும். தேதிக்குப் பக்கத்தில் "அல்ட்." என்று இருந்தால் போன மாதம். "இன்ஸ்ட்." என்றால் இந்த மாதம். ஆகஸ்ட் 3ஆம் தேதித் தாளில் "28 அல்ட்." என்று இருந்தால் ஜூலை 28. இதைத் தெரியாமல் ஒரு கருத்தரங்கில் கலவரத்துக்கு முன்பே கைது நடந்ததாக வாசித்திருப்பேன், வழிகாட்டிப் பேராசிரியர் கடைசி நிமிடத்தில் பார்த்துத் தடுத்தார்.

பக்கத்தைச் சேமிக்கும்போது படத்தை மட்டும் எடுக்காதீர்கள். பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண், நிலையான இணைப்பு நான்கையும் அதே கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். "படம்_047" என்ற பெயரில் என் கணினியில் இன்னும் அநாதையாகக் கிடக்கிறவை எத்தனையோ.

4. தமிழ் இதழைத் திறக்கும்போது

"சிங்கை நேசன்" வார இதழ், மகுதூம் சாயபு நடத்தியது, 1887 ஜூன் 27 முதல் 1890 ஜூன் 23 வரையிலான இதழ்கள் அதே தளத்தில் இருக்கின்றன. தேதிகளை முதல் படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிக்கரிங் தாக்கப்பட்டதற்கு மூன்று வாரம் முன்பு தொடங்கி, சங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டில் நின்றுபோகிறது. இரகசியச் சங்கங்களின் கடைசிக் காலத்துக்கு அருகிலிருந்து எழுதிய ஒரு தமிழ் இதழ் வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமாக அமையாது. புதிதாக வருகிறவர்கள் இங்கேயே தொடங்கலாம் என்பது என் கட்சி.

இதழ் வந்தது திங்கட்கிழமைகளில். 1887 ஜூலை 18ம் திங்கள்தான். ஆகவே அன்று நடந்ததை அன்றைய இதழில் தேடிப் பயனில்லை, 25ஆம் தேதி இதழிலிருந்து பாருங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இந்தக் கிழமைக் கணக்கைப் போட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பழைய தமிழ் அச்சைப் படிக்கக் கண் பழக ஒரு வாரம் ஆகும், பயப்பட வேண்டாம். ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவில் நிற்கும். ணா, றா, னா வளைந்து ஒட்டியிருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களின் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், இளையவர்களுக்குத்தான் திணறல். சொற்களுக்கு நடுவே இடைவெளி குறைவு, நிறுத்தக்குறி அதைவிடக் குறைவு. வாய்விட்டுப் படியுங்கள், பொருள் தானாகப் பிரியும். நான் முதல் நாள் மௌனமாக ஒரு பத்தியோடு முக்கால் மணி நேரம் போராடினேன். மறுநாள் சமையலறையில் சத்தமாக வாசித்தபோது ஐந்தே நிமிடம், அத்தை வந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

தேதிகள் தமிழ் ஆண்டுப் பெயரில் வந்தால் திகைக்காதீர்கள். 1867–68 பிரபவ, அங்கிருந்து எண்ணுங்கள்: 1887–88 சர்வசித்து, அடுத்தது சர்வதாரி, அப்புறம் விரோதி, 1890–91 விகிருதி. ஆண்டு சித்திரையில் மாறுகிறது என்பதை மறந்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு ஆண்டு தப்பிவிடும். பழைய அச்சிலும் கையெழுத்திலும் ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி. எண்ணும் ௧, ௨, ௩ என்று வரலாம். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி மடிக்கணினிப் பையில் போட்டுவிடுங்கள்.

இலக்கியக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1886இல் நூல் பதிவுச் சட்டம் வந்தபின் இங்கே அச்சான புத்தகங்களைப் பதிவு செய்தார்கள், அந்தப் பட்டியல் நீரிணைக் குடியிருப்புகளின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) அரசிதழில் வந்தது. அச்சகம் எது, எந்த மொழி என்ற விவரங்களை அதில் பிடிக்கலாம். சங்கத்தைப் பற்றி நேராக எதுவும் இருக்காது. ஆனால் ஒரு சிந்துவோ லாவணியோ யார் அச்சகத்தில், எப்போது வந்தது என்று தெரிந்தால், அதன் பின்னால் இருந்தவர்களைச் செய்தித்தாளில் தேடலாம். சங்கச் சட்டம் வந்த பிறகு அதே அரசிதழில் பதிவான சங்கங்களின் பெயர்களும் வரத் தொடங்கும். மாலை நேரத்துக்கு ஏற்ற வேலை.

5. விக்டோரியா ஸ்திரீட்டுக்குப் போகும் நாள்

லீ கோங் சியான் மேற்கோள் நூலகம், 100 விக்டோரியா ஸ்திரீட், தேசிய நூலகக் கட்டடத்தின் 7ஆம் மாடியில் தொடங்குகிறது. சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்புக்கு 11ஆம் மாடி. உள்ளே போகக் கட்டணமில்லை. புத்தகம் எதுவும் இரவல் கிடையாது, அங்கேயே படிக்க வேண்டும். பொது விடுமுறையில் மூடியிருக்கும், தீபாவளியன்று கதவு வரை போய்த் திரும்பியவளின் அறிவுரை இது.

எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை அல்லது கடப்பிதழ், பென்சில், காலியான யூஎஸ்பி, போர்வை மாதிரி ஒரு ஸ்வெட்டர். கடைசியதைக் கிண்டல் என்று நினைக்காதீர்கள், மைக்ரோஃபிலிம் கருவி முன்னால் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகும்.

மைக்ரோஃபிலிம் கேட்கும்போது தலைப்பைச் சொல்லாதீர்கள், சுருள் எண்ணைச் சொல்லுங்கள். எண்ணை வீட்டிலேயே அட்டவணையில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். நான் எண் இல்லாமல் போய், ஆண்டை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு சுருளை வாங்கி, ஆறு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஏழாம் நாள் சுருள் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் "மலாக்கா" என்று இருந்ததைக் கவனித்தேன். சிங்கப்பூர்த் தொகுதி அதற்கு அடுத்த பெட்டி.

அரிய நூல்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், வேலை நாள் கணக்கில் சில நாள் ஆகும். எண்ணிம வடிவம் இருந்தால் மூலத்தைக் காட்டத் தயங்குவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டியதற்கு ஆய்வுக் காரணம் இருந்தால், அச்சுமை, கட்டமைப்பு, ஓரக்குறிப்பு என்று, விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பக்கத்தில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். பழைய புத்தகக் கடைகளும் அங்கேயே இருக்கின்றன, பணப்பையை நூலகத்திலேயே விட்டுவிட்டுப் போனால் நல்லது. செலவு என்று பார்த்தால் என் நகல் கட்டணத்தைவிடத் தே தாரிக்குக்கு ஆனது கூடுதல்.

6. கேனிங் ரைஸ், ஆவணக்காப்பகம்

செய்தித்தாள் தீர்ந்த பிறகுதான் இங்கே வர வேண்டும். தேசிய ஆவணக்காப்பகம், 1 கேனிங் ரைஸ், ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரம். முதலில் அவர்களுடைய ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன் தளத்தில் தேடி, வேண்டிய ஆவணங்களின் எண்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, வாசிப்பறை திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். வார இறுதியை நம்பாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், அதை மொத்தமாக இரண்டு நாளாக எடுத்தால் வீணாகாது.

இங்கே பெரிய பொறி ஒரு தேதி: 1867 ஏப்ரல் 1. அதுவரை நீரிணைக் குடியிருப்புகள் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன, அன்றிலிருந்து நேரடியாக லண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கீழ். அதனால் உங்கள் நிகழ்வு அந்தத் தேதிக்கு முன்னால் என்றால் நீரிணைக் குடியிருப்புப் பதிவேடுகளையும் இந்தியா ஆபீஸ் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். பின்னால் என்றால் அந்த லண்டன் அலுவலகத்தின் சிஓ 273 என்ற கடிதத் தொடர். பினாங்குக் கலவரம் நடந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட்டில், அதாவது கை மாறி நான்கே மாதம். அதன் வேர்களைத் தேடினால் ஒரு தொடரிலும், விளைவுகளைத் தேடினால் இன்னொரு தொடரிலும் கிடைக்கும். கலவரத்தை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1868இல் வந்தது. சுருக்கத்தை விட்டுவிட்டு அதன் சாட்சியப் பகுதியைப் படியுங்கள், நம் ஆட்கள் பேசுவது அங்கேதான் கேட்கும். மொழிபெயர்ப்பாளர் வழியாக, எழுத்தர் கையால், மூன்று முறை வடிகட்டிய பேச்சு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இலக்கியம் படித்தவர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. கேள்வி எது, பதில் எது, எந்தச் சொல்லை மொழிபெயர்க்க முடியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று நமக்குச் சட்டென்று கண்ணில் படும்.

கையெழுத்து ஆவணத்துக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று, நான்கு பக்கம் என்று கணக்கு வையுங்கள். முதல் நாள் அதுவும் வராது. ஒரே எழுத்தர் எழுதிய நாலு கடிதத்தைத் தொடர்ந்து படித்தால் அவர் கை பிடிபட்டுவிடும், அதனால் தாவித் தாவிப் படிக்காதீர்கள்.

சில கோப்புகளுக்கு முன் அனுமதி வேண்டும் என்று தளத்தில் போட்டிருக்கும். அந்தக் கோப்பைக் கொடுத்த அலுவலகம் ஒப்புக்கொண்டால்தான் திறப்பார்கள். பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக் கோப்புகள். ஒரு அலுவலகத்திடமிருந்து பதில் வர எனக்கு ஏழு வாரம் ஆனது, அதுவும் "கூடுதல் விவரம் தேவை" என்ற பதில். எனவே அனுமதி விண்ணப்பத்தை முதல் நாளே போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். விண்ணப்பத்தில் "இரகசியச் சங்கங்கள் பற்றி ஆர்வம்" என்று எழுதாமல், எந்த ஆண்டு, எந்தக் கோப்பு, எந்த ஆய்வுக்கு, எங்கே வெளியிடுவீர்கள் என்று எழுதுங்கள். நான் முதலில் எழுதியது போலீஸ்காரருக்குச் சந்தேகம் வருகிற மாதிரி இருந்தது.

வாய்மொழி வரலாற்று நேர்காணல்களும் இங்கேதான், 1979இல் தொடங்கிய திட்டம், தமிழிலும் இருக்கின்றன. எழுத்துப்படி இல்லாத ஒலிப்பதிவு என்றால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போகிற வழியில், கோல்மன் ஸ்திரீட்டில் ஒரு பழைய வெள்ளைக் கட்டடம் தெரியும். ஃப்ரீமேசன்கள் என்ற ஐரோப்பியச் சகோதரச் சங்கத்தாரின் மண்டபம். அங்கே கூடுவதை "லாட்ஜ்" என்பார்கள். பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்து அறை வாடகை விளம்பரம் என்று தாண்டிப் போனவள் நான். கவர்னரும் வியாபாரியும் இரகசியச் சடங்கோடு கூடினால் அது லாட்ஜ், கூலிக்காரர் கூடினால் ஆபத்தான சங்கம்.

7. கடல் தாண்ட வேண்டியிருந்தால்

சிஓ 273 தொடருக்கு லண்டன் போக அவசரப்படாதீர்கள், மைக்ரோஃபிலிம் பிரதிகள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் லண்டனில் கியூ என்ற பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் கட்டணம் 16 பவுண்டாக உயர்ந்தது, கட்டும் முன் இன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடப்பிதழ் என்றால் விசா, அதற்கு இரண்டு மாதமாவது முன்னதாகத் தொடங்குங்கள். மூலம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், அதற்கு இரண்டு சான்று: ஒன்று பெயருக்கு, ஒன்று வீட்டு முகவரிக்கு. கடப்பிதழில் முகவரி இருக்காது என்பதைப் பலர் கியூவில் நிற்கும்போதுதான் கவனிக்கிறார்கள். ஞாயிறு, திங்கள் விடுமுறை. கைப்பேசியில் படம் எடுக்கக் காசில்லை, அதனால் நான்கு நாள் போதும்: பகலில் எடுங்கள், ஊர் வந்து படியுங்கள்.

இந்தியா ஆபீஸ் பதிவேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில். அது வேறு இடம், வேறு அட்டை.

சென்னைக்கு வீட்டு விசேஷத்துக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். இரண்டாவதற்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து அறிமுகக் கடிதம் கையில் இல்லாமல் போகாதீர்கள், அதில் முத்திரை இருக்கட்டும். கடிதத்தில் முத்திரை மங்கலாக இருந்ததற்காக ஓர் அலுவலகத்தில் என்னை மறுநாள் வரச் சொன்னார்கள்.

8. உயிரோடு இருப்பவர்களிடம் கேட்கும்போது

சிங்கப்பூரில் இரகசியச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது இன்றும் குற்றம். நம் ஊரில் "இரகசியக் கும்பல்" என்றாலே நேற்றைய செய்தியும் பக்கத்து புளோக் பையனும்தான் நினைவுக்கு வருவார்கள். அதனால் ஒரு பெரியவரிடம் போய் "ஐயா, உங்கள் தாத்தா எந்தச் சங்கம்?" என்று கேட்டால் காபி பாதியிலேயே நின்றுவிடும். எனக்கு நின்றது.

முகரம் ஊர்வலத்திலிருந்து தொடங்குங்கள். கொடி, கொட்டு, சிலம்பம், எந்தத் தெரு வழியாகப் போவார்கள் என்று கேளுங்கள், மீதி தானே வரும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இந்த ஊர்வலத்தைப் பற்றியே கருத்து வேறுபாடு உண்டு, மார்க்கத்தில் இல்லாதது என்று சொல்வார்கள். அந்த விவாதத்தில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் பதிந்தவர்கள் நேர்காணலுக்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். பேசி முடித்துவிட்டு அனுமதி கேட்டால் அந்தப் பேச்சைப் பயன்படுத்த முடியாது.

யாராவது பழைய முத்திரை, துணிச் சான்றிதழ் என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். போலி அதிகம். உண்மையாக இருந்தால் அது அருங்காட்சியகத்துக்கோ ஆவணக்காப்பகத்துக்கோ போக வேண்டியது.

9. படம் போடும் முன்

பார்ப்பது இலவசம் என்பதால் அச்சிடுவதும் இலவசம் என்று பொருளில்லை. உங்கள் கட்டுரையில் ஒரு பக்கத்தின் படம் வேண்டும் என்றால், வைத்திருக்கும் நிறுவனத்திடம் எழுதி அனுமதி கேளுங்கள், நல்ல தரப் பிரதிக்குத் தனிக் கட்டணம் இருக்கும். இதழ் ஆசிரியர் கேட்ட பிறகு தொடங்கினால் அடுத்த இதழுக்குத் தள்ளிவிடுவார். நான் இப்போது ஆவணத்தைப் பார்க்கும் அன்றே, வாசிப்பறையிலிருந்து கிளம்புவதற்குள், அனுமதி மின்னஞ்சலையும் அனுப்பிவிடுகிறேன். ஆவண எண்ணைத் திரும்பத் தேடுகிற வேலை இல்லை.

கடைசியாக இன்னொன்று. மூலத்தில் "கிளிங்" என்று இருப்பதை உங்கள் மொழிபெயர்ப்பில் "தமிழர்" என்று மாற்றினால், மாற்றியதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். அடுத்து வருகிறவர் உங்கள் கட்டுரையை வைத்துத்தான் தேடல் பெட்டியில் தட்டப்போகிறார்.